சிவப்பு நூல் கட்டிய புடலங்காய்

என்றும் என் அன்புக்குரிய அண்ணை,

தோர்ண்டன் ஹீத்தில் காலை வேளைகள் குளிரத் தொடங்கிவிட்டன. உங்கள் பின்வளவுத் தோட்டத்தில் நீங்கள் வைத்துவிட்டுப் போனவற்றை நானும் அண்ணியும் அறுவடை செய்கிறோம். வெங்காயத்தைப் பின்னிக் கொட்டிலில் தொங்கவிட்டேன். பழுக்காத தக்காளிகளைக் கடதாசியில் சுற்றி அடுக்கினோம். புடலங்கொடி வளரும் கண்ணாடிக் கூடத்தின் வெடித்த மூலையையும் அடைத்தாயிற்று. எழுதத் தயங்கும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு, உங்களுக்குப் பிடித்தவற்றைச் சமைத்துப் படைத்தோம். அண்ணியின் தங்கை கலா விடியவே டூட்டிங்கிலிருந்து வந்து அடுப்படியைப் பொறுப்பேற்றிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது புடலங்காய்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வெட்டுப்பலகையில் ஒரு சிவப்பு நூல் கிடந்தது.

“கலா, நூல் கட்டினதையே ஆய்ஞ்சனீ?” என்றார் அண்ணி.

“ஓம் அக்கா. அத்தான் தன்ர கையால கட்டி வைச்சதெல்லோ? அவருக்குப் படைக்காமல் பிறகு ஆருக்கு?”

“அது விதைக்கு விட்டதடி, விசரி!”

அண்ணி சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எவரும் கலாவைக் குறைகூறவில்லை. வழக்கறிஞன் நான், அன்பினால் நேர்ந்த பிழையைச் சட்டத்தின் எந்தப் பிரிவில் சேர்ப்பது? கழித்துப் போட்ட விதைகளை எடுத்துப் பார்த்தேன். பாலாய் வெளுத்திருந்தன; நகம் பட்டதும் நசுங்கின. முளைக்கும் அளவுக்கு முத்தவில்லை.

வேறு விதை இல்லை என்பதைத் தீர விசாரித்த பின்னரே எழுதுகிறேன். கையிலிருந்ததைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டீர்கள். அவர்களில் எவருடைய கொடியும் இந்த ஆண்டின் வசந்தகாலக் குளிருக்குத் தப்பவில்லை. அம்மா ஊரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு அனுப்பிய விதை அது. இப்போது அம்மாவும் இல்லை. போரினால் ஊருக்குப் பாதையும் இல்லை.

நேற்றுக் கொடியின் உச்சியில், இலைகளுக்கு அடியில், விரல் நீளத்தில் ஒரு பிஞ்சைக் கண்டேன். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பனி விழமுன்னம் முத்துமோ, தம்பி?”

“எனக்குத் தெரிஞ்ச அளவில, கஷ்டம்தான் அண்ணி.”

“உங்கட அண்ணை இருந்திருந்தால் இதுக்கும் நக்கலடிச்சிருப்பார்.”

ஓம், அடித்திருப்பீர்கள். ‘சொலிசிற்றர் ஐயா, புடலங்காயிட்டயும் எழுத்தில உத்தரவாதம் வாங்குவியோ?’ என்று கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்க இப்போது எவர் இருக்கிறார்?

அதே சிவப்பு நூலைப் பிஞ்சின் காம்பில் தளர்வாகக் கட்டினேன். காய் நேராக வளர்வதற்காக நீங்கள் நுனியில் தொங்கவிடும் கல்லைக் கட்டவில்லை. இது அந்தப் பாரத்தைத் தாங்காது. கூடத்துக்குள் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருக்கிறேன். கண்ணாடி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும்? வெயிலின் வேலையை அது செய்யுமா?

அண்ணை, இந்தக் காய் முத்தும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். அது என் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. முத்தினால், முதல் விதையைக் கலாவின் கையால் ஊன்றுவிப்பேன். முத்தாவிட்டாலும், கொடி கருகி விழும் வரை மாலைதோறும் வந்து அந்த ஹீட்டரைப் பற்றவைப்பேன். இதை எந்த நிபந்தனையுமின்றி எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த,
தம்பி