உன் பெயரில் என் காறை எலும்பு

உன் அம்மையின் டிரங்குப் பெட்டியை இன்று திறந்தேன். அடியில் ஒரு எக்ஸ்ரே படம், புளித்த காடி வாடையோடு கிடந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளை எழுத்தில் உன் பெயர். எலும்பெல்லாம் என்னுடையது, மக்கா.

ஆரியங்கோட்டில் அயினி மரத்திலிருந்து விழுந்தாயே, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடது காறை எலும்பு ஒடிந்தது. வைத்தியர் முட்டைவெள்ளை போட்டுக் கட்டினார். எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடி, சட்டைக்குள் முண்டாகத் துருத்தி நின்றது. குடிகிடப்பாக, குடியிருந்த உரிமையில் கிடைத்த பத்து சென்ட் மண்ணை அம்மை உன் வெளிநாட்டு விசாவுக்காக விற்ற பிறகுதான் ஏஜென்ட் சொன்னார், எக்ஸ்ரேயில் ஒடிந்த எலும்பைக் கண்டால் கம்பெனி ஆளை எடுக்காது என்று.

"எலே, எனக்குப் பதிலா நீ போய் நில்லு. படத்துல மூஞ்சி தெரியாதுல்லா" என்று சிரித்தாய். பரிசோதனைக் கூடத்தில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். "உண்டு" என்று நான் எழுந்தேன்.

நீ போன இரண்டாம் வருஷம் அங்கே குழி தோண்டும் வேலையில் மணல் சரிந்து நீங்கள் ஆறு பேர் புதைந்தீர்கள். பல நாள் கழித்து எடுத்ததால் முகம் தெரியவில்லை. விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயை வைத்து ஆள் பிரித்தார்கள். ஆணியடித்த சவப்பெட்டியோடு படமும் ஒரு காகிதமும் வந்தன. காகிதத்தை அம்மைக்கு நான்தான் வாசித்தேன். காறை எலும்புகள் இரண்டிலும் பழுதில்லை, படத்தோடு ஒத்துப்போகிறது என்றிருந்தது.

"எனக்க பிள்ளதானா? நல்லா பாத்துச் சொல்லு."

"அவனாக்கும் அம்மை" என்றேன். பாவி நான், வேறென்ன சொல்ல? மருத்துவர் சரியாகப் பார்க்காமல் எழுதியிருப்பார் என்று இத்தனை வருஷமும் என்னைத் தேற்றிக்கொண்டேன். அம்மை ஞாயிறுதோறும் அந்தப் பெட்டியைப் புதைத்த குழியில் மெழுகுவர்த்தி கொளுத்தினாள். "எனக்க பிள்ளைக்க குழியிலதான் என்னையும் வைக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

போன வாரம் காரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் குழியைத் திறந்தோம். குழி வெட்டுகிறவர் எலும்புகளை ஒவ்வொன்றாகத் துணியில் எடுத்து வைத்தார். இரண்டு காறை எலும்புகளையும் விரலால் தடவினேன். எங்கும் முண்டில்லை. யாரோ ஒருவன். அவனைப் பெற்றவள் எந்த ஊரில் உனக்கு விளக்கு வைக்கிறாளோ!

"எல்லாம் உண்டா அண்ணே?" என்று வெட்டுகிறவர் கேட்டார்.

"உண்டு" என்றேன், அன்றைக்குப் போலவே. அவனை அம்மையின் பக்கத்தில் வைத்து மூடினோம்.

அன்றிலிருந்து என் இடது காறை எலும்பு நோகிறது. ஒருநாளும் ஒடியாத எலும்பு. தடவிப் பார்க்கப் பயமாயிருக்கிறது, மக்கா.