பல் படாத நன்மை

என் செல்ல மருமகள் ரோசம்மாவுக்கு,

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். மழை பிடித்தால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளுக்குக் குளிர்காய்ச்சல் வரும் என்றேன், வந்தது. டாக்டரின் கொயினா மருந்துக்கு அது அடங்காது என்றேன், அடங்கவில்லை. உன் மாமன் சொல்லி எது தப்பியிருக்கிறது?

உன் அடக்கத்துக்கு ஐந்நூறு பேர். ஸ்டேஷனில் நின்ற இஞ்சின்கூட உனக்காகக் கூவியது. சரி, இஞ்சின் தினமும்தான் கூவும். ஆனாலும் அன்றைக்கு அது அழுகை.

உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "கடைசி நன்மை வாங்காமலே போயிட்டாளே அண்ணே, ஆண்டவர்கிட்ட போய்ச் சேந்திருப்பாளா?" என்று என்னையே கேட்கிறாள். என்னிடம் போய்க் கேட்கிறாளே!

சுவாமியார் கடைசி நன்மை கொடுக்க நற்கருணை அப்பத்தோடு வந்தபோது லயமே வாசலில் முழங்காலில் நின்றது. உனக்கோ உடம்பு தூக்கிப்போடுகிறது, பல் தந்தியடிக்கிறது. அப்பத்தை நீட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டாய்.

"வேணாம் சாமி. பல்லு பட்டுடும். உள்ள இருக்கறது ஆண்டவருதானே?"

"அவரேதான் மகளே. ஆனா அவருக்கு வலிக்காது. வாயைத் திற."

"ரத்தம் வரும் சாமி. கிள்ளான் கோயில்ல ஒருத்தரு அப்பத்தக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். மாமா கண்ணால பாத்தாங்க."

முதன்முதலாக நன்மை வாங்க, புதுநன்மைக்கு நீ படித்த காலத்தில், அப்பத்தை மென்றுவிடக் கூடாது என்பதற்காக நான் சொன்னது அது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவாமியாரும் பார்த்தார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு சொல் போதும், நீ வாயைத் திறந்திருப்பாய்.

நான் மீசையை நீவிக்கொண்டு, "ஆமா, பாத்தேன்" என்றேன்.

உதறல் நிற்கட்டும் என்று சுவாமியார் காத்திருந்தார். அது நின்றபோது உன் மூச்சும் நின்றிருந்தது.

நன்மைக்கு ஆசைப்பட்டாளே, அதுவே போதும் என்கிறார் சுவாமியார். போதுமா, ரோசம்மா? ஆண்டவருக்கு வலிக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டவளை அவர் வெளியே நிறுத்துவாரா? நீ போனதிலிருந்து நானும் நன்மை வாங்கவில்லை. எந்த வாயோடு வாங்குவது?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில், உன் அம்மாவையும் லயத்துக்காரர்களையும் நிறுத்தி வைத்து, இந்தக் கடிதத்தை நானே உரக்கப் படிப்பேன். இது சத்தியம். அவர்களுக்குச் சொல்லும் முன் உனக்குச் சொல்லிவிடுகிறேன்: கிள்ளானில் அப்படி ஒருவன் இல்லை. அந்த நாளில் நான் கிள்ளானுக்குப் போனதே இல்லை.

உன் வாயை அடைத்த
தாய்மாமன் அந்தோணி