லோவெல் படிக்காத ஓடை

2004 பிப்ரவரி 6, வெள்ளி

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. லோவெலுடன் உணவகத்தில் காலைச் சாப்பாடு, வெள்ளிதோறும் ஒன்பது வருட வழக்கம். இன்றைய சண்டை: என் இணையதளத்தில் நான் எழுதுவதை வாசகர் கணினிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் செய்தியோடைக்கு எந்த வடிவம்? ஆர்.எஸ்.எஸ். என்ற பழையதா, ஆட்டம் (Atom) என்ற புதியதா? எனக்குப் புதியதுதான். பழையதில் வருவது சுருக்கமா முழுக் கட்டுரையா என்றே தெரியாது.

லோவெல் இந்த ஓடைகளைப் படிக்க ‘ஹெரான்’ என்று ஒரு மென்பொருள் எழுதி ஊருக்கு இலவசமாகக் கொடுப்பவன். அது பழையதை மட்டுமே படிக்கும்.

“உன்னப் படிக்கிறதே பதினோரு பேரு ரூடி. அதுக்கு இவ்வளவு அலப்பறையா?”

“அந்தப் பதினொண்ணுல நீயும் ஒருத்தன்டா” என்றேன்.

பான்கேக் ஆறிப்போனது.

பிப்ரவரி 13

எங்கள் மின்னஞ்சல் குழுவில் லோவெல் என்னைப் பற்றி எழுதியிருக்கிறான்: “கமா போடுறதுக்கே கமிட்டி வைக்கிற ஆளு.” நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். பதிலுக்கு நானும் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது.

சாப்பிடப் போகவில்லை.

பிப்ரவரி 18

பழைய ஓடையை மூடிவிட்டேன். இனி புதியது மட்டும். கொள்கைக்காகத்தான்.

சரி — கொள்கைக்காக மட்டும் இல்லை. அவன் ஹெரானில் என் பெயருக்கு எதிரே ஒன்றும் வராமல் கிடக்கட்டும். அப்போதாவது என்னைத் தேடுவானா?

பிப்ரவரி 20

வெள்ளி. வீட்டில் ஓட்ஸ்.

பிப்ரவரி 27

தேடவில்லை. ஹெரானின் பக்கத்தில் தடித்த எழுத்தில் அறிவிப்புதான் போட்டிருக்கிறான்: ‘புதிய வடிவத்தை ஹெரான் படிக்காது. என்றைக்கும் படிக்காது.’

மார்சியிடம் காட்டினேன். கட்டிய மனைவி, என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால்: “எந்தக் கவர்ல லெட்டர் போடுறதுன்னு சண்ட போட்டு லெட்டரே போடாம இருக்கீங்க, ரெண்டு பேரும்.”

மார்ச் 2

எங்கள் நாய் ஓடிஸ் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டது. குட்டியாக இருந்தபோது அதை எங்களிடம் கொண்டுவந்து விட்டவனே லோவெல்தான். தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். தளத்தில் மட்டும் எழுதினேன்.

மார்ச் 3

என் தளத்துக்கு வரும் ஒவ்வொரு மென்பொருளும் வருகைப் பதிவில் தன் பெயரை விட்டுப்போகும். இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று திறந்து பார்த்தேன். மணிக்கொரு தரம், புதிய ஓடையைக் கேட்டு — ஹெரான் 1.3.

அவன் ஊருக்குக் கொடுத்திருப்பது 1.2 பதிப்பு. இந்த 1.3 உலகத்தில் ஒரே ஒருவன் கணினியில்தான் இருக்க முடியும். முதல் வருகை பிப்ரவரி 19, காலை ஏழு மணி. நான் மூடின மறுநாளே! என்றைக்கும் படிக்காதாம். படுபாவிப் பய, எனக்காக உக்காந்து எழுதியிருக்கான். நான் இங்க அவன் தவிக்கட்டும்னு இருந்திருக்கேன்.

வெட்கமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது.

மார்ச் 5, வெள்ளி

போனேன். எங்கள் மேசையில் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வைத்திருந்தான்.

“ஓடிஸுக்குக் கால் எப்படிடா இருக்கு?”

“கட்டுப் போட்டிருக்கு. ஆறு வாரமாம்.”

உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒரு மணி நேரம் வடிவங்களைப் பற்றிச் சண்டை. “அந்தப் புதுசை என் ஹெரான் தொடாது” என்று சத்தியமே செய்தான். நான் தலையாட்டினேன்.

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பழைய ஓடையை அவனுக்காகத் திறந்து வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை. இப்போதுதான் பதிவைப் பார்த்தேன். 1.3 வழக்கம்போல் புதியதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. பழையதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.