கண்ணாடி மாதிரி ஒரு பெட்டி

செம்பாக்கம்,
நவம்பர் 27.

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். என் வாட்ஸ்அப்பையும் அவர்தான் முதலில் பார்க்கிறார். அதனால் விடுமுறை முடிந்து நாளை உங்கள் மஸ்கட்டுக்குத் திரும்பும் ஜென்சியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவின் மவுத் ஆர்கனுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கியாயிற்றா என்று கேட்டிருந்தாய். வாங்கியாயிற்று. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் முதல் இரண்டு வரி வாசித்த பிறகுதான் மற்றவர்கள் பாடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வழக்கம். போன வருடம் வேளச்சேரி ரோட்டு வீடுகளில் அவர் வாசித்தது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. பஸ் சத்தம் என்றார்.

பஸ் சத்தம் இல்லை. மறைமலை நகர் கம்பெனியில் இரும்பு வார்ப்புப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் மணல் தூசியில் நின்ற நெஞ்சு அது. ஜூன் மாதம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார். அப்பா அதைப் பைபிளுக்குள் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கேட்டால், "எனக்கு எங்க மூச்சு வாங்குது? உனக்குத்தான் காது சரியில்ல" என்கிறார்.

தாம்பரம் கடையில் சிட்டிபாபு என்பவர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பழைய மாடல் வால்வு வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்பா அதில் வாசித்தார். ஓசை தடித்து, உருண்டு வந்தது. அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மற்றது கீபோர்டுக்கானது, பேட்டரியில் ஓடுவது. அதில் ஒவ்வொரு சுரமும் சுத்தமாக வந்தது. இரண்டு சுரத்துக்கு நடுவில் சரளைக் கல்லை இழுப்பது போல ஒன்று கேட்டது. அப்பா வயரை ஆட்டிப் பார்த்தார்.

சிட்டிபாபு சிரித்துவிட்டார். "இன்னா சார், பாட்டு ஒண்ணு வந்தா மூச்சு ரெண்டு வருது!" பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இது வாணாம்மா. அந்தச் சின்னது எல்லாத்தையும் மழுப்பிடும். இது கண்ணாடி. உள்ள இன்னா கீதோ அத்த அப்படியே காட்டிக் குடுத்துரும்" என்றார்.

அதற்காகத்தான் அதை வாங்கினேன், ஜெரூ. அப்பாவிடம் பேட்டரியைக் காரணம் சொன்னேன்.

வீட்டு ஹாலில் தனியாக வாசிப்பார், தன் மூச்சைத் தானே கேட்பார், பைபிளைத் திறந்து சீட்டை எடுப்பார் என்பது என் கணக்கு. அவர் அன்று சாயங்காலமே பெட்டியைக் கேரல் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். நான் தடுத்திருக்கலாம். "ஃபுல் வால்யூம் வைங்க" என்று சொல்லி, பின்னாலேயே போனேன்.

சர்ச் ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். முதல் சுரத்துக்கு முன்னால் அவர் இழுத்த மூச்சு கடைசி பெஞ்சு வரை போயிற்று. டெனர் பாடும் ஆண்கள் வரிசையில் ஒருவன் அதே மாதிரி இழுத்துக் காட்டினான். ஆல்டோ பெண்கள் பாட்டுத்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அப்பா மவுத் ஆர்கனைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். மூன்றாம் தடவையும் வாசித்தார். அப்போது பாடகர் குழுச் செயலாளர் ஜோஸ்வின், "அண்ணா, விடுங்க. இந்த வருஷம் நீங்க ஸ்டார் தூக்கிட்டு முன்னாடி வாங்க" என்றான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கும் நட்சத்திரம் அது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. மைக் அவர் கையிலேயே இருந்ததால் அதுவும் முழுசாகக் கேட்டது. யாரும் பெட்டியை அணைக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

இதற்குப் பிறகாவது ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்பாய். இல்லை. வழியில் மூன்று இடத்தில் நின்று நின்று வந்தவர், "பொட்டிதான் சரியில்ல மெட்டில்டா. ஜெரூகிட்ட சொல்லி அந்தச் சின்னதை வாங்கிக்கறேன்" என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன்னைக் கூப்பிடுவார். வாங்கித் தருகிறேன் என்று சொல். ஆனால் ஸ்கேன் எடுத்த பிறகுதான் என்று சொல். என் பேச்சை அவர் கேட்க மாட்டார். உன்னிடம் மட்டும் அவருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. அந்தக் கண்ணாடிப் பெட்டியை நான் தெரிந்தே வாங்கினேன் என்பதை மட்டும் எந்தக் காலத்திலும் அவரிடம் சொல்லாதே.

இதை எழுதும்போது அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நட்சத்திரத்துக்குப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பெட்டி அணைந்துதான் கிடக்கிறது. அவர் மூச்சு சமையலறை வரை கேட்கிறது.

உன் மூச்சுக்கும் பிள்ளைகளின் மூச்சுக்கும் கர்த்தர் காவலாக இருப்பாராக. ஞாயிற்றுக்கிழமை போனை எடு, மகளே.

இப்படிக்கு,
உன் அம்மா,
மெட்டில்டா அசரியா