இவர் சொன்ன தேங்க்ஸ்

நவம்பர் 10, திங்கள்

காலையில் காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இவர், "தேங்க்ஸ் ஜலஜா" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவை. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கடையில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குச் சொல்கிற வார்த்தை. பெண்டாட்டிக்கு எதற்கு?

நவம்பர் 12

இன்றும். மோர்சாதத்துக்கு.

நவம்பர் 15, சனி

துணி மடித்ததற்கு ஒன்று. பால் வாங்கி வந்ததற்கு ஒன்று. கலிஃபோர்னியாவில் எங்கள் பிளசன்டன் ஊர் முழுக்க லே ஆஃப் பேச்சுதான் — வேலை போய்விட்டதா என்று கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பும் சரியில்லை.

நவம்பர் 19

வேலை போகவில்லை. அதைவிட மோசம்.

இன்ஷூரன்ஸ் கடிதத்தைப் பிரித்தேன். இவர் பெயரில் சிடி ஸ்கேன் என்று இருந்தது. நீட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நுரையீரல்ல சின்னதா ஒரு கட்டி. இருபத்தஞ்சாம் தேதி பயாப்சி. தேங்க்ஸ்கிவிங் முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

அப்படியானால் இத்தனை நாளாக என்னிடம் விடைபெற்றுக்கொண்டு இருந்திருக்கிறார், தவணை முறையில்! கத்தினேன். அப்புறம்தான் அழுதேன்.

நவம்பர் 25

பயாப்சி முடிந்தது. தேங்க்ஸ்கிவிங்குக்காக வியாழன், வெள்ளி விடுமுறை, ரிசல்ட் வர அடுத்த வாரம் ஆகுமாம். நன்றி சொல்வதற்காக நாடே கடையைச் சாத்திவிட்டது. நான் யாரிடம் போய்க் கேட்பது?

நவம்பர் 26

மகள் ஓவியா, நாலாவது படிக்கிறாள், ஸ்கூல் ப்ராஜெக்ட்டைக் காட்டினாள். நானூறு வருடம் முன்னால் இங்கிலாந்திலிருந்து இங்கே கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போய்விட்டார்களாம். மிஞ்சியவர்கள் அடுத்த அறுவடை முடிந்ததும் இந்த மண்ணின் பூர்வகுடிகளோடு மூன்று நாள் விருந்து சாப்பிட்டார்கள். அதுதான் முதல் தேங்க்ஸ்கிவிங்காம். கல்யாணமான பெண்களில் மிச்சம் நாலே பேர். பந்தியிலோ நூற்று நாற்பது பேர்.

"அந்த நாலு பேருக்கு யாராவது தேங்க்ஸ் சொன்னாங்களாடி?"

"தட்ஸ் நாட் இன் த புக், அம்மா."

புருஷனைப் புதைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினாளே ஒருத்தி, அவளுக்குக் கை எப்படி வந்தது? என்னால் முடியாது. முடியவே முடியாது.

நவம்பர் 27, வியாழன்

இந்த ஊர் வழக்கமான வான்கோழிக்குப் பதில் முழுக் காலிஃப்ளவர். கிரான்பெர்ரித் தொக்கு. ஆளுக்கொரு நன்றி சொன்னால்தான் சாப்பாடு என்றாள் ஓவியா. இவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சாப்பிடுங்க."

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

நவம்பர் 29

சொல்ல விட்டிருக்கலாமோ? இதுதான் கடைசி தேங்க்ஸ்கிவிங் என்றால்?

டிசம்பர் 1

போன் வரவில்லை.

டிசம்பர் 3, புதன்

நேற்று டாக்டர் கூப்பிட்டார். எப்போதோ வந்துபோன தொற்றின் தழும்புதானாம். கேன்சர் இல்லை. இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இன்று காலை காபி கொடுத்தேன். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கி ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை பத்தல" என்றார். தேங்க்ஸ் இல்லை.

சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குக் கேட்காமல் ஒரு பாட்டம் அழுதேன்.