நாஸாரின் கல்யாணச் சட்டை

என் புறாக்குஞ்சே யாரினா,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். நான் இருக்கிறேன், பசுவும் இருக்கிறது, நீ வேலை பார்க்கும் வீட்டில் அந்த லிஸ்பன் கிழவியைத் தூக்கித் தூக்கி இடுப்பை உடைத்துக்கொள்ளாமல் நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். உருளைக்கிழங்கை ஒருவழியாகத் தோண்டி எடுத்தாயிற்று, பக்கத்து வீட்டு ஹாஃபியா கைகொடுத்தாள், உன் தம்பி நாஸார் இருந்தால் இரண்டு நாள் வேலை, எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அவனுடைய நாற்பதாம் நாளும் முடிந்தது, படையலுக்குத் தேன் விட்ட கோதுமையை நானே வேகவைத்தேன். அழுகை நின்றபாடில்லை, ஆனால் இந்தக் கடிதம் அழுவதற்காக இல்லை. எனக்கு ஒரு சந்தேகம், ஃபோனில் சொன்னால் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஸெனோவி பெலெக்கை நீ மறந்திருக்கமாட்டாய், உன் பாட்டு வாத்தியார். உன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி லெனின் பாட்டுப் பாடவைத்தவன், அடுத்த வருஷமே லெனின் சிலைக்குச் சங்கிலி போட்டு டிராக்டரில் இழுத்தவனும் அவன்தான். அப்புறம் ஊர்த் தலைவர் ஆனான், மீசையை அந்தக் காலத்துக் கோசாக்கு வீரன் போலத் தொங்கவிட்டான், மாகாண சபைக்குப் போனான், இப்போது கீவ் பாராளுமன்றத்துக்கு நிற்கிறான். எந்த மேடை ஏறினாலும் நாஸார் பெயரில்தான் தொடங்குகிறான். என்னை விட இரண்டு வயசு மூத்தவன், கேமரா இல்லாவிட்டால் ஏய் பரஸ்கா, இருந்தால் வீரனைப் பெத்த தாயே. ஹாஃபியா சொல்கிறாள், "உன் மவன் உசிரோட இருந்தப்ப அவனுக்குப் பேருகூடத் தெரியாதுடி, இப்ப பாரு, தூக்கத்துலயும் சொல்றான்" என்று. நான் பேச்சை மாற்றிவிட்டேன். காரணம், அவன் எனக்குச் செய்த ஒரு உபகாரம், அடக்கத்துக்கு உன்னால்தான் வரமுடியாமல் போயிற்றே, உனக்கு முழுசாகத் தெரியாது.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோகிறவனை மாப்பிள்ளையாக உடுத்தித்தானே அனுப்புவோம். நாஸார் கல்யாணத்துக்கென்று நான் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தைத்த சட்டை பெட்டியில் இருந்தது. அவன் உடலைக் கிழக்கே சண்டையிலிருந்து கொண்டுவந்து நகரத்துப் பிணக்கிடங்கில் வைத்திருக்கிறார்கள், வீட்டு ஆள் வந்து அடையாளம் சொன்னால் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள், பிறகு திறக்கக்கூடாது என்று செய்தி வந்தது. நான் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெலெக் வாசலிலேயே மறித்து, "நீ பாக்காத பரஸ்கா, தாங்கமாட்ட, இங்க குடு, நானே பாத்து அடையாளம் சொல்லிட்டு என் கையால போட்டு விடுறேன்" என்று வாங்கிப் போனான். மறுநாள் மூடின பெட்டியோடு வந்து, "போட்டாச்சு, மாப்பிள்ள மாதிரியே இருந்தான்" என்று அழுதான். நான் அவன் கையை முத்தமிட்டேன் யாரினா.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பெலெக்கின் தேர்தல் படம் ஒட்டினார்கள், கதவு பெரிசு, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறான், கறுப்பு நூல் வேலை செய்த சட்டை. கறுப்பு நூல் சட்டை நம் பக்கம் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் நான் அந்த வலது மணிக்கட்டுப் பட்டியை முடிக்கும்போது கறுப்பு தீர்ந்துபோய், உன் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் கத்தரிப்பூ நிறத்தில் மூன்று தையல் போட்டிருந்தேன். "கல்யாணப் பொண்ணு கண்ணுல பட்டாத்தாம்மா ஆபத்து" என்று நாஸார்கூடச் சிரித்தான். படத்தில் அந்த மூன்றும் என் கட்டைவிரல் பருமன். ஹாஃபியா, "மை சிந்தியிருக்கும்டி, வா" என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஓட்டுக் கேட்டு வந்தபோது ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்க என்னைத்தான் நிறுத்தினார்கள். அந்தக் கையைப் பார்க்கலாம் என்றே ஒப்புக்கொண்டேன். ரொட்டியைப் பிய்க்கக் கையை நீட்டினான், பட்டி என் மூக்குக்குக் கீழே வந்தது, மை இல்லை, நூல்தான். "சட்ட நல்லாருக்கே, யாரு தச்சது?" என்று கேட்டேன். "எங்கம்மா தச்சது தாயே" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், எல்லோரும் கைதட்டினார்கள். அவன் அம்மா ஊசியில் நூல் கோத்ததை இந்த ஊர் பார்த்ததில்லை. பிய்த்த துண்டை அவன் உப்பில் தொட்டுக்கொள்ளும் முன்னே ரொட்டியோடு திரும்பி நடந்துவிட்டேன். பிள்ளை போன துக்கம், பாவம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ரொட்டி இன்னும் மேசைமேல் இருக்கிறது, வெட்ட மனசில்லை.

இதை அங்கே நம் ஊர்க்காரர் யாரிடமும் பேசாதே, அங்கேயும் அவனுக்கு ஆள் இருக்கும். தபால்காரியும் அவன் கட்சிதான், அதனால் லிஸ்பன் போகும் வேன்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன், உறை ஒட்டின இடம் பிரிந்திருந்தால் எனக்குச் சொல். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், போட்டுக்கொள். மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் மூடிக் காக்கட்டும்.

உன் அம்மா
பரஸ்கா

கையெழுத்துப் போட்டபிறகும் மனசு அடங்கவில்லை. சட்டையைப் போட்டுவிடாதவன் பிணக்கிடங்குக்குள் போயிருப்பானா, முகத்தைப் பார்த்திருப்பானா? பார்க்கவில்லையென்றால் யாரினா, நான் தினமும் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது யார் பிள்ளைக்கு?