ஜீப்புக்குக் கட்டிய பாவாடை

மச்சான்,

இன்று காலை ஜீப்புக்கு ரயர் பார்க்க ஏறாவூர் ரயர் கடையில் நின்றேன். புது றப்பர் வாசம் மூக்கில் ஏறியது. இத்தனை வருடமும் அந்தக் கடைக்கு நாம் இரண்டு பேராகத்தானே போயிருக்கிறோம். நாம் காக்கா என்று கூப்பிடும் கடைக்கார அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு நினைவு வந்து தலையைக் குனிந்துகொண்டார். போன முறை மாதிரி அகல ரயரா, இல்லை ஒடுக்கமா என்று மெதுவாகக் கேட்டார். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

நீ போன பிறகு ஜீப்பை நான் தொடவில்லை. மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. பின் சீட்டில் கோழி முட்டையிடுகிறது. உன் தங்கச்சி ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாள். முந்தாநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "விக்கிறதெண்டா வித்துப்போடுங்க. ஓட்டுறதெண்டா மழைக்கு முதல் ஓட்டுங்க. அண்ணன்ட ஜீப்பக் கோழிக்கூடாக்காதீங்க." உன் தங்கச்சி அல்லவா, வாய் அப்படித்தான் இருக்கும்.

ரயர் எடுக்க உன்னிடம் ஒரு முறை இருந்தது. கடைக்குப் போகுமுன் பாலத்தால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போவாய். வயல் வட்டைக்குப் போகிற பாதையில் வாய்க்கால் குறுக்கிடும் பள்ளத்தில் வெயிலிலும் சேறு வற்றாது. செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்குவாய். முழங்கால் அமிழுமுன் கட்டித் தரை தட்டினால் ஒடுக்க ரயர். அது சேற்றை வெட்டிக்கொண்டு போய்த் தரையைப் பிடிக்கும். அடி தட்டாவிட்டால் அகல ரயர். அது அமிழாமல் மேலே நிற்கும். வயலுக்குப் போகிறவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவன் நான்தான்.

போன வருடம் எனக்கு ஆசை பிடித்தது. போனில் பார்த்த ஜீப்புகளுக்கெல்லாம் அகல ரயர். அது வெளியே தள்ளி நிற்பதால் ரயரை மூடும் மட்காட்டின் மேல் கறுப்பாகப் புடைத்த விளிம்பு வேறு. காலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவோம் என்றாய். அதற்கெல்லாம் நேரமில்லை என்றேன். நீ கடையில் கிடந்த அந்த விளிம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜீப்புக்குப் பாவாட கட்டப் போறியா மச்சான்?" என்றாய். நான் மூஞ்சியை நீட்டிக்கொண்டேன். உடனே விட்டுக்கொடுத்து, ரயரையும் பாவாடையையும் பூட்டவிட்டாய். அதில்தான் எனக்கு இன்றைக்கும் உன்மேல் கோபம். நாலு வார்த்தை ஏசியிருக்கலாமே.

மாரி வந்தது. வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன்னைப் பின்னால் படுக்கவைத்து நான்தான் ஓட்டினேன். அந்தப் பள்ளத்தில் நாலு ரயரும் சேற்றின் மேலே வழுக்கி வழுக்கிச் சுற்றின. சேறு பாவாடைக்குள் அடைந்து இறுகி, முன்சில்லுகள் கிறுகித் திரும்ப முடியாமல் நின்றுவிட்டன. கையால் தோண்டினேன். வயல் உழுகிற ரக்ரர் வந்து ஜீப்பை இழுத்து எடுக்கும்வரை தோண்டிக்கொண்டே இருந்தேன். நான் மறுபடி ஏறி உட்கார்ந்தபோது என் அழுகையைப் பார்த்து, பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாய்.

"ரயரில பிழையில்ல மச்சான். மழதான் பிழ."

அதன் பிறகு நீ பேசவில்லை. ஆசுபத்திரிக்குப் போனபோது, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள்.

வீட்டில் வந்து நானும் மழைதான் என்றேன். ஊரும் அதையே சொன்னது. ஒரு வருடம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன், நித்திரை கொண்டேன்.

இன்று கடையிலிருந்து நேரே அந்தப் பள்ளத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டும் இறங்கக் கால் வரவில்லை. பிறகு இறங்கினேன். சேறு கரண்டையைத் தாண்டியது, கெண்டைக்காலைத் தாண்டியது. முழங்காலுக்கு நாலு விரல் கீழே கால் நின்றுவிட்டது. அடியில் வீதி போலக் கட்டித் தரை. ஒடுக்க ரயர் என்றால் பிடித்திருக்கும்.

உனக்கு அது தெரியும். அந்த இடத்தில் எத்தனை தரம் இறங்கியவன் நீ. தெரிந்துகொண்டுதான் அந்த வலியோடு எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய்.

காலைக் கழுவாமலே வீட்டுக்குப் போய் உன் தங்கச்சிக்குக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கோழியை விரட்டிவிட்டுப் பாவாடையைக் கழற்றினேன். நாளைக்கு ஒடுக்க ரயர் போட்டுவிடுவேன். இனி ஒவ்வொரு மாரிக்கு முன்னும் நானே இறங்கிக் காலால் பார்ப்பேன், ஆட்கள் சிரிக்கட்டும். ஆனால் கழற்றிய பாவாடையைத் தட்டிக் கொட்ட மனம் வரவில்லை, மச்சான். அதன் உள்ளே, போன மாரியின் சேறு காய்ந்து கிடக்கிறது. நான் தோண்டிய விரல் தடம் அதில் அப்படியே இருக்கிறது.